5-இலிருந்து 30 கிலோமீட்டர் வரை: மெதுவாகத் தூரம் கூட்டிய அனுபவம்

5 கிலோமீட்டரை நிற்காமல் ஓட வந்துவிட்ட எவரும் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “10 எப்படி? 21 எப்படி?” கேட்கும்போதே நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள், மூச்சுதான் பெரிய தடை என்பதுபோல. என் அனுபவத்தில் மூச்சு முதலில் வழிக்கு வந்துவிடும். கால்தான் கடைசியில் வரும். நீண்ட தூரத்துக்குக் கிளம்பிப் பாதியில் படுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு குறைகிறது. அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும், ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டமே குறைவு, அதனால் அவை பலப்பட இன்னும் நாளாகும். எலும்பு அதைவிட நிதானம். புதிய சுமை வந்தால், பழைய சுவரை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக எழுப்புகிற மாதிரி, எலும்பு முதலில் தன்னை அரித்துக்கொண்டு அப்புறம்தான் கட்டிக்கொள்கிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அரித்து முடித்து, கட்டி முடிக்காத அந்த இடைக்காலத்தில் அந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். “ஒரு மாசமா சூப்பரா போய்க்கிட்டிருந்துச்சு, திடீர்னு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்குது” என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு மாத சூப்பர் முழுக்க மூச்சின் கணக்கில் வந்தது.

ஆகவே முதல் வேலை வேகத்தைக் குறைப்பது. நான் ஓடும் கூட்டத்தில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. புதிதாக யார் வந்தாலும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு வீட்டு விஷயம், வேலை விஷயம் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே வருவார். பதில் ஒரு முழு வாக்கியமாக வரவில்லை என்றால், “வேகம் ஜாஸ்தி தம்பி. குறைச்சுக்கிட்டு அப்புறமா சொல்லு, எனக்கு அவசரம் இல்ல” என்பார். விளையாட்டு அறிவியலில் இதற்கு ‘டாக் டெஸ்ட்’ என்றே பெயர் இருக்கிறது. முழு வாக்கியம் பேச முடிந்தால் அது ஈஸி ரன். மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது வேறு வேலை, அதற்கு வேறு நாள்.

எண்ணில் சொல்வதானால், 5 கிலோமீட்டரை முழு மூச்சாக 30 நிமிடத்தில் ஓடக்கூடியவரின் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அவருடைய லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம், 7:15, 7:30 என்று இருந்தால் சரியாக இருக்கும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் 8 நிமிடம்கூட. ஓட்டங்களை நண்பர்கள் பார்க்கப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் ஏற்றக் கூச்சமாக இருக்கும் வேகம்தான், தெரியும். பக்கத்தில் நடைப்பயிற்சி போகிறவர் நம்மைவிட மும்முரமாகத் தெரிவார். கூச்சத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. சில வாரத்தில் தானாகப் போய்விடும் என்பது மட்டும் நிச்சயம்.

கையில் கட்டியிருக்கும் வாட்ச் சொல்லும் ‘ஸோன் 2’வை, அதாவது ஈஸி ரன்னுக்கான நாடித்துடிப்பு வரம்பை, அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலான வாட்ச்கள் முதலில் 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிடுகின்றன. அது சராசரி மட்டுமே. தனி மனிதரிடம் 10, 12 துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியிருப்பது சாதாரணம். உச்சமே தவறானால் அதிலிருந்து பிரித்த ஸோன்கள் எல்லாமே தவறு. மணிக்கட்டு சென்சார் சில நாள் நாடியை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும் கூத்தும் உண்டு. மெதுவாக ஓடும்போது 165 என்று வாட்ச் காட்ட, நான் பக்கத்திலிருப்பவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தால், கதையைத்தான் நம்புவேன்.

மெதுவாக ஓடுவது சோம்பேறிகளுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். தாங்குதிறன் விளையாட்டுகளின் உச்ச வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் கண்டது, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில் நடக்கிறது என்பதுதான். தூரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொருவர்: நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கமும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கமும் வாங்கியவர். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத 800 மீட்டருக்கு அவரை லிடியார்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் மேடு பள்ளமான 35 கிலோமீட்டர் பாதையில் ஓடவிட்டார். அதே லிடியார்ட்தான் சாதாரண மக்களையும் இதய நோயாளிகளையும் மெதுவாக ஓடவைத்து ஜாகிங்கைப் பரப்பியவர். ஆனால் 80-க்கு 20 என்ற கணக்கை வாரம் மூன்று நாள் ஓடும் நம்மைப் போன்றவர்கள் கால்குலேட்டர் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. தூரம் கூட்டும் மாதங்களில் மூன்று நாளும் ஈஸியாகவே ஓடலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

நடை இடைவேளையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டக்காரர்களிடம் இதற்கு இன்னும் ஒரு தீண்டாமை இருக்கிறது, எனக்குப் புரியாத தீண்டாமை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவேதான் ஓட்டமும் நடையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையைப் பிரபலப்படுத்தியவர். இதில் முக்கியமான விஷயம், களைத்த பிறகு நடப்பதல்ல. களைக்கும் முன்பே, முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே நடப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் 4 நிமிடம் ஓட்டம், 11 நிமிட வேகத்தில் 1 நிமிடம் நடை. சராசரி 7:33 வருகிறது. 10 கிலோமீட்டரில் மொத்த நஷ்டம் ஐந்தரை நிமிடம். அந்த ஐந்தரை நிமிடத்தைக் கொடுத்து வாங்குவது, கடைசி இரண்டு கிலோமீட்டரில் இழுத்துக்கொண்டு வராத கால். புதிய தூரங்களுக்கு முதல் தடவை போகும்போது இப்படித்தான் போனேன். அதே தூரம் பழகியபின் நடையைக் குறைத்துக்கொண்டேன். சில பாதைகளில் இன்னமும் குறைக்கவில்லை.

அப்புறம், எவ்வளவு கூட்டுவது? எல்லோர் வாயிலும் இருப்பது “வாரத்துக்கு 10 சதவீதம்”. நல்ல எண்ணம்தான், ஆனால் அது கல்வெட்டு இல்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை 10 சதவீத விதிப்படி 13 வாரத்திலும் இன்னொன்றை வழக்கமான 8 வாரத் திட்டத்திலும் ஓடவைத்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். வித்தியாசமே இல்லை. 2025-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 5,200-க்கும் மேற்பட்டவர்களின் வாட்ச் பதிவுகளை வைத்து வேறு கோணத்தில் பார்த்தது. வார மொத்தம் எவ்வளவு கூடியது என்பது காயத்தைச் சரியாகச் சுட்டவில்லை. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட இன்றைய ஒரே ஓட்டம் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டுகிறதா என்பதுதான் சுட்டியது. இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியவர்களுக்கு அபாயமும் இரண்டு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட பதிவு ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. இருந்தாலும் என்னுடன் ஓடியவர்களுக்கு அடிபட்ட கதைகளோடு இது நன்றாகப் பொருந்துகிறது. வாரம் முழுக்க 3, 4 என்று ஓடிவிட்டு, நண்பன் கூப்பிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை 15 போனவர்கள்தான் அதிகம் படுத்தார்கள்.

இந்த 30 நாள் கணக்கு நடைமுறையில் மிகவும் வசதியானது. ஒரு வாரம் தூரத்தைக் குறைத்தாலும் பழைய நீண்ட ஓட்டம் கணக்கில் நிற்கும், பின்னால் போய்விட்டோம் என்று பதற வேண்டாம். அதே கணக்கு கறாரானதும்கூட. காய்ச்சலோ பயணமோ ஒரு மாதத்தைத் தின்றுவிட்டால், போன மாதத்துக்கு முந்திய 16 கிலோமீட்டர் இப்போது நம்முடையது அல்ல. இந்த மாதம் ஓடியதில் மிக நீண்டது எவ்வளவோ அங்கிருந்துதான் எண்ண வேண்டும். இடைவெளிக்குப் பின் மூச்சு சீக்கிரம் திரும்பிவிடுவதால் இதை ஏற்க மனசு வராது.

நான் பின்பற்றியது இப்படி. முதலில் நீளத்தைத் தொடவில்லை. ஓடும் நாளைக் கூட்டினேன். வாரம் இரண்டு நாள் ஓடுபவர் அதே சின்ன தூரத்தை மூன்று நாள், பிறகு முடிந்தால் நான்கு நாள் ஓடட்டும். கால் அடிக்கடி கொஞ்சம் சுமை வாங்கிப் பழகுவது, என்றோ ஒருநாள் மொத்தமாக வாங்குவதைவிட மேல். அதன் பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் லாங் ரன் ஆக்கி நீட்டுவது. 8, 9, 10 என்று மூன்று வாரம் ஏறி நான்காம் வாரம் 8. அடுத்த மாதம் 11, 12, 13, பிறகு 9. அதற்கடுத்து 14, 15, 16, பிறகு 11. நான்காம் மாதம் 17, 18, 19, பிறகு 13. தொடக்கத்தில் 1 கிலோமீட்டர் என்பது 10 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும்தான்; அதற்காக 800 மீட்டரில் நின்றுவிட வேண்டியதில்லை. பார்த்தால் ரொம்ப மெதுவாகத் தெரியும். ஆனால் நான்கு மாதத்தில் 8-இலிருந்து 19 வந்துவிடுகிறது, எலும்புக்கும் அதன் ஒரு சுற்று முடிந்திருக்கிறது. 19 ஓடத் தெரிந்தவருக்கு ஹாஃப் மாரத்தானின் 21.1 பெரிய தூரம் இல்லை. மூன்று வாரம் ஏற்றம், ஒரு வாரம் இறக்கம் என்பதில் அந்த இறக்க வாரத்தைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும், ஏனென்றால் சரியாக அந்த வாரம்தான் உடம்பு நன்றாக இருக்கும்.

இன்னொன்று: லாங் ரன் மட்டும் வளர்ந்து வாரநாள் ஓட்டங்கள் 4-இலேயே நின்றால் சமநிலை கெட்டுவிடும். வாரம் 24 கிலோமீட்டரில் 16 ஒரே நாளில் என்றால் அந்த ஒரு நாள் மீது அத்தனை பாரமும் விழுகிறது. லாங் ரன் 14-ஐத் தாண்டியபோது புதன்கிழமை ஓட்டத்தையும் 8, 9 என்று நீட்டிக்கொண்டேன். எனக்கு அது செய்த உதவி லாங் ரன் செய்ததைவிடக் குறைவில்லை. யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, புதன்கிழமை 9 கிலோமீட்டரில் பெருமையடிக்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ.

ஒவ்வொரு தூரத்துக்கும் தனிக் குணம் உண்டு. 12 வரை பொறுமை மட்டும் போதும். 15 வந்ததும் சின்னச் சின்ன உரசல்கள் பெரிதாகின்றன. 5 கிலோமீட்டரில் தெரியாத தையல் ஒன்று 15-இல் தோலைக் கிழிக்கும். அக்குள், தொடையிடுக்கு, ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டி உரசும் இடம் என எல்லா இடத்திலும் கிளம்பும் முன் வாசலின் தடவ வேண்டும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அது வேண்டாம். குளிக்கும்போது எரிகிற இடம் எதுவோ, அடுத்த வாரம் வாசலின் போட வேண்டிய இடம் அது.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் சாப்பாடு விஷயம் வருகிறது. ஓட்டத்துக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, 1 கிலோகலோரி. 70 கிலோ எடையுள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடினால் 2,100. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் வடிவமான கிளைகோஜன் மொத்தம் 500 கிராம் அளவு, அதாவது 2,000 கிலோகலோரி. கொழுப்பும் கூடவே எரிவதால் இரண்டும் நேருக்கு நேர் மோதாது. ஆனாலும் மாரத்தான் ஓடுகிறவர்கள் 30-ஐ ஒட்டிச் சுவரில் முட்டியதுபோல் கால் நின்றுவிடுவதை ‘வால்’ (ஆங்கிலத்தில் சுவர்) என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். வேகம் கூடக்கூடக் கிளைகோஜனின் பங்கு கூடுகிறது, கொழுப்பின் பங்கு குறைகிறது. மெதுவாக ஓடுவதற்கு இங்கேயும் ஒரு நியாயம் இருக்கிறது.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. ஓடும்போது பிரித்துச் சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் 20, 25 கிராம் இருக்கும். நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. பசி எடுத்தபின் சாப்பிட்டால் வயிற்றில் இறங்கி இரத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் நின்றுவிடும். அதனால் நான் முதல் வாயை 40 நிமிடம் ஆனதும் போட்டுக்கொள்வேன், தேவையே இல்லாததுபோல் தோன்றினாலும். ஓடிக்கொண்டே சாப்பிடுவதையும் வயிறு பழக வேண்டும். ஓட்டத்தின்போது இரத்தம் கால்களுக்குப் போய்விடுவதால் முதல் சில தடவை குமட்டும், வயிறு கலக்கும். பாதி ஜெல்லில் தொடங்கி வாரவாரம் கூட்டினால் சரியாகிவிடும். பந்தயத்தன்று புதிய ஜெல்லைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் யாருக்கும் வர வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் “தாகம் எடுக்கும் முன்பே குடி, நிறையக் குடி” என்ற பழைய அறிவுரையை நான் கேட்பதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்தான் அதில் முக்கியமாக மாட்டியிருந்தார்கள். ஓடி முடிக்கும்போது எடை கூடியிருக்கிறது என்றால் வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறோம். இது விளையாட்டில்லை, மிஞ்சினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான் வந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. ஒன்றிரண்டு சதவீதம் எடை குறைந்து வருவது சரிதான். அதற்கு மேல் போனால் அடுத்த தடவை பாட்டிலைக் கொஞ்சம் அடிக்கடி எடுப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், சட்டையில் வெள்ளைக் கறை படிகிற ஆள் என்றால், உப்பும் கொஞ்சம் சேர வேண்டும்.

சாப்பாட்டோடு ஒட்டிய இன்னொரு விஷயம்: எடை குறைப்பதையும் தூரம் கூட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். செலவுக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காவிட்டால் உடம்பு எங்காவது சிக்கனம் பிடிக்கும். ஹார்மோன்களிலும் எலும்பிலும்தான் முதலில் பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதோ நிற்பதோ இதன் அடையாளமாக இருக்கலாம். ‘நிறைய ஓடினால் அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. ஆண்களுக்கும் வரும், வெளியே தெரிவதுதான் தாமதம். மெலிந்து வருகிற ஓட்டக்காரரை எல்லோரும் பாராட்டுவதால் இது கண்ணில் படுவதே இல்லை.

வலிக்கு வருவோம். லாங் ரன் 15-ஐத் தாண்டிய காலத்தில் எனக்கு வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. கிளம்பும்போது ஒன்றும் இருக்காது, 6 அல்லது 7 கிலோமீட்டரில் தொடங்கும், இறக்கத்தில் பிடுங்கும், நின்றால் போய்விடும். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால்வரை இறங்கும் பட்டையான ஐடி பேண்ட் தரும் தொந்தரவின் அச்சு அசலான அடையாளம். பிசியோதெரபிஸ்ட் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஒற்றைக் காலில் உட்காரச் சொன்னார். இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ஒரு படியிலிருந்து ஒற்றைக் காலில் நிதானமாக இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் இடுப்புப் பாலம் என்று கொடுத்தார். கூடவே கேடன்ஸை, அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை, கூட்டச் சொன்னார். நிமிடத்துக்கு 160 அடி வைத்துக்கொண்டிருந்தவன் 168-க்குப் போனேன், அதே வேகத்தில். அடி கொஞ்சம் குட்டையானது, அவ்வளவுதான். 5 முதல் 10 சதவீதம் அடி எண்ணிக்கை கூடினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் பாரம் குறைகிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எல்லோரும் 180-க்குப் போக வேண்டும் என்பது வேறு கதை. 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வேகமாக ஓடும் உலக வீரர்களை எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்த எண் அது, 7:30-இல் ஓடும் நமக்கு அளந்து தைத்தது அல்ல.

வலிகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். ஓட ஓடக் குறைகிற, பரவலான, இரண்டு காலிலும் உள்ள இறுக்கத்தோடு குடித்தனம் நடத்தலாம். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடுகிற வலியோடு முடியாது. அந்தப் புள்ளி எலும்பின் மேல் இருந்து, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று இழுத்து, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். எலும்பில் விழும் இந்த நுண் விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். “எக்ஸ்ரே கிளியர், ஓடலாம்” என்று நண்பர்கள் தரும் அனுமதி செல்லாது. குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாண் இதற்கு நேர்மாறு. முழு ஓய்வு அதற்கு மருந்தாகாது, மெதுவான சுமைதான் மருந்து. படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியை அதற்காகத்தான் 12 வாரத் திட்டமாகக் கொடுக்கிறார்கள். வலி வரும் முன்பே அதைச் செய்யத் தொடங்கலாம்: பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது என் வழக்கம்.

லாங் ரன்னுக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். உடம்பில் நீர் குறைந்து வருகிற அந்த நேரத்தில் அதுதான் வேண்டாதது. வலி மறைந்துபோவது இன்னொரு கெடுதல், எச்சரிக்கையே போய்விடுகிறது.

ஷூ பற்றி நீட்ட விரும்பவில்லை. நீண்ட ஓட்டத்தில் பாதம் கொஞ்சம் வீங்கும், ஆகவே கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுக்கும். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும். போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருப்பதை வாங்குங்கள், நிறத்துக்காக வாங்கினாலும் பரவாயில்லை.

வெயில் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வேகத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து ஓடினேன். அதே வேகத்தில் ஓடினாலும் இரண்டாம் மணி நேரத்தில் நாடித்துடிப்பு தானாக ஏறிக்கொண்டே போகும். வியர்வையில் பிளாஸ்மா குறைவதும் தோலைக் குளிர்விக்க இரத்தம் திரும்புவதும்தான் காரணம். வேகத்தைப் பிடித்துத் தொங்கினால் ஈஸி ரன் என்று கிளம்பியது பந்தயமாக முடியும்.

மனசு சலிப்பது உண்மை. 20-க்கு மேல் எனக்குப் பாட்டுகூட எரிச்சலாகிவிடும். பாதையைத் தேர்ந்தெடுப்பதில் சலிப்பைப் பாதி தீர்க்கலாம். ஒரே சுற்றில் நான்கு தடவை என்றால் ஒவ்வொரு சுற்றும் வீட்டு வாசலைக் காட்டி ஆசை காட்டும். ஆனால் தண்ணீர் பாட்டிலை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். போய்த் திரும்பும் பாதை என்றால் பாதி தூரம் போனதும் வேறு வழியே இல்லை, திரும்பி வந்துதான் ஆக வேண்டும். புதிய தூரத்துக்கு முதல் தடவை சுற்றுப் பாதை, பழகிய தூரத்துக்குப் போய்த் திரும்பும் பாதை என்று வைத்துக்கொண்டேன். துணையோடு ஓடினால் நேரம் பறக்கும், ஆனால் துணைவரின் வேகம் நம் வேகமாகிவிடும். நம்மைவிடக் கொஞ்சம் மெதுவானவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

21-ஐத் தொட்டதும் “அடுத்து ஃபுல் எப்போ?” என்ற கேள்வி தானாக வரும். 42.195 ஓடாதவர் முழு ஓட்டக்காரர் இல்லை என்பதுபோல ஒரு பேச்சு. எனக்கு 21 மிகவும் பிடித்த தூரம். அதற்கான பயிற்சி வாழ்க்கையின் மற்ற வேலைகளோடு ஒத்துப்போகிறது; அடுத்த நாள் மனிதராக நடமாட முடிகிறது. அதற்கு மேல் போக விரும்பினால் தூரத்தை மறந்து நேரத்துக்கு மாறிவிடுவது நல்லது. வேகமானவர் 32 கிலோமீட்டரை இரண்டரை மணியில் முடிப்பார். 7:30-இல் ஓடுபவருக்கு அதற்கு 4 மணி நேரம் ஆகும். அதே அட்டவணையை இருவரும் பின்பற்றுவது நியாயமில்லை. நான் பயிற்சியில் மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வேன். நான் 30 கிலோமீட்டர் ஓடியது, கால்களுக்குக் கூடுதல் பலம் வந்திருந்த ஒரு பருவத்தில்தான், அதுவும் நடை இடைவேளைகளோடு ஒரு நிகழ்வில்.

நீண்ட பந்தயத்துக்குப் பின் வரும் வாரம் ஏமாற்றுக்கார வாரம். மூன்றாம் நாள் வரை படி இறங்கவே தொடை மறுக்கும். நாலாம் ஐந்தாம் நாள் வலி போய், மூச்சும் நாடியும் இறகாக இருக்க, இன்றைக்கே ஒரு 15 போகலாமே என்று தோன்றும். தசையிலும் எலும்பிலும் பழுதுபார்க்கும் வேலை அப்போது பாதியில் இருக்கும். இரண்டு வாரம் 40 நிமிடத்துக்கு மேல் நான் ஓடுவதில்லை. அதிலும் சில நாள் நடைதான். மூன்றாம் வாரம் லாங் ரன்னை 10, 12 என்று திரும்பத் தொடங்குகிறேன். ஓடிய பந்தயம் 21 என்றால், 30 நாள் கணக்கைப் பார்த்தால் 23 வரை ஓடலாம் என்றுதான் வரும். பந்தயத்துக்கு அடுத்த மாதம் மட்டும் அந்தக் கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை.